நஞ்சுத் தவளை பத்மநாதன்

பத்மநாதனைக் கண்டு ஒருவரும் பயந்தது கிடையாது. யாழ்ப்பாணக் கச்சேரியில் அவர் கிளாக்கராக இருந்த காலத்தில் பியோன்கூட இரண்டாம் தரம் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். எண்பத்து நாலில் லண்டனுக்கு வந்து கிங்ஸ்பரியில் குடியேறிய பிறகும் நிலைமை மாறவில்லை. கோயில் பொதுக்கூட்டத்தில் அவர் பேச எழுந்தால் சனமும் எழும்பும்; தேத்தண்ணி குடிக்கப் போகும். இதையெல்லாம் அவருடைய மனைவி பாலாம்பிகை பெண்கள் பக்கத்தில் இருந்து பார்த்தவள். முதலில் வெட்கப்பட்டாள். பிறகு வெட்கப்படுவதை விட்டுவிட்டு, சனத்தோடு சேர்ந்து தானும் தேத்தண்ணி குடிக்கப் போனாள்.

இப்படிப்பட்ட மனிதர் ஐம்பதை நெருங்கும் வயதில் ஊரே நடுங்கும் ஆளாகிப் போனார். அதற்குக் காரணம் பெருவிரல் நீளம்கூட இல்லாத சில தவளைகள்.

அப்போது அவர் ஒரு கார்டன் சென்ரரில் மீன் தொட்டிகள் விற்கும் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே அடிக்கடி வந்துபோன ஒரு வெள்ளைக்காரர், விம்பிள்டனில் இருக்கும் ஓய்வுபெற்ற பல் டாக்குத்தர், தன் வீட்டில் வெப்பமண்டலத் தவளைகளை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைப்பவர். இடம் போதாமல் போனபோது தன் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த சிலதைப் பத்மநாதனின் தலையில் கட்டிவிட்டார். எண்பத்தெட்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவை கிங்ஸ்பரி வீட்டின் முன் அறைக்கு வந்து சேர்ந்தன. கண்ணாடித் தொட்டி, ஈரப் பாசி, காய்ந்த இலை, மேலே லைட், கீழே சூடு. வீட்டில் மற்ற அறைகளில் ஹீற்றரைக் கூட்டினால் சத்தம் போடுகிற மனிதர் தவளைகளுக்கு மட்டும் பனாமாக் காட்டின் வெக்கையை இருபத்துநாலு மணித்தியாலமும் கொடுத்தார். பாலாம்பிகையும் மகள் லலிதாவும் கம்பளிச் சட்டையோடு சோறு தின்றார்கள்.

தவளைகள் அழகு என்பதைப் பாலாம்பிகை ஒத்துக்கொண்டாள். கறுப்பு உடம்பில் பச்சைப் பெயின்ற் ஊற்றியது போல் பளபளப்பு. நம்முடைய ஊர்த் தவளை பகலில் ஒளித்துக்கொள்ளும், இருட்டிய பிறகு கத்தும். இதுகள் பட்டப்பகலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தன. காட்டில் இவற்றின் தோலில் நஞ்சு ஊறும். பாம்போ பறவையோ ஒருமுறை வாயில் வைத்தால் கசந்து துப்பிவிடும். பிறகு அந்த நிறத்தைக் கண்டாலே விலகிப் போகும். அதனால் ஒளிக்கத் தேவையில்லை. விசயம் அவ்வளவுதான். மனிதன் தொட்டுச் சாகிற நஞ்சு இதுக்குக் காட்டிலும் இல்லை. தொட்டாலே ஆபத்தான நஞ்சு கொலம்பியாவில் இருக்கிற வேறொரு மஞ்சள் தவளைக்கு உண்டு; அதன் முதுகில் அம்பு நுனியைத் தேய்த்து அங்குள்ள சனம் வேட்டைக்குப் போகும்.

பத்மநாதன் அந்த மஞ்சள் தவளையின் பெருமையை அப்படியே தூக்கித் தன்னுடைய பச்சைத் தவளையின் முதுகில் வைத்தார்.

"ஒண்டைத் தொட்டால் பத்துப் பேர் சரி. டொக்டர் வரமுன்னம் முடிஞ்சிடும்" என்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் கோப்பையைக் கையில் பிடித்தபடி சோபாவின் மறு நுனிக்கு நகர்வார்கள். அந்த நகர்தலைப் பார்க்கும்போது அவருடைய முகத்தில் வரும் சிரிப்பைப் பாலாம்பிகை அதற்கு முதல் கண்டதில்லை, கலியாணத்தன்றும் கண்டதில்லை.

சனத்துக்குப் பயப்படுவதற்கு ஒரு சாமான் கிடைத்தால் விடுமா? கோயில் கமிட்டி அவரை முன் வரிசைக்குக் கூப்பிட்டது. "நஞ்சுத் தவளை பத்மநாதன் அண்ணை" என்று பெயர் வந்தது. கோயில் பூசைக்கு விம்பிள்டன் போனால் கிழக்கு லண்டன் பார்க்கிங் பகுதியில் இருந்து வந்தவர்கள்கூட அவரைக் காட்டிக் குசுகுசுத்தார்கள். மனிதர் ஒரு பச்சைக் கழுத்துப்பட்டி வாங்கிக் கட்டத் தொடங்கினார். அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது பாலாம்பிகை குசினிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

பெரிய கூத்து அதற்குப் பிறகுதான் நடந்தது. அந்தக் காலத்தில் நம்முடைய ஆட்களின் வீடுகளில் களவு மலிந்துபோயிருந்தது. தமிழ் வீட்டில் பவுண் நகை இருக்கும், வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டில் ஆள் இருக்காது என்பதைக் கள்ளனும் படித்துவிட்டான். வங்கி லொக்கரில் வைக்கலாம். ஆனால் வருமானம் இல்லையென்று அரசாங்கத்திடம் பெனிபிட் காசு எடுக்கிற வீட்டுக்காரன் நகைப்பெட்டியோடு வங்கி வாசலில் நிற்பானா? யாரோ ஒரு புத்திசாலிக்கு யோசனை வந்தது: பத்மநாதன் அண்ணையின் தொட்டிக்குள் வைத்தால் எந்தக் கள்ளன் கையை விடுவான்?

இப்படி ஒரு யோசனை வேறு சாதிச் சனத்துக்கு வந்திருக்காது. கள்ளனுக்குத் தவளையைப் பற்றி யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் என்ன பத்மநாதனின் முன் அறையில் தேத்தண்ணி குடித்தவனா? கிங்ஸ்பரியில் இருந்தும் வெம்பிளியில் இருந்தும் சங்கிலியும் காப்பும் அட்டியலும் மாத்திரைப் போத்தல்களில் வந்து இறங்கின. பத்மநாதன் முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை போட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாசிக்குக் கீழே புதைத்தார். எடுத்துக் கொடுக்கும்போது மஞ்சள் தண்ணியில் கழுவிக் கொடுத்தார். மஞ்சளுக்கு நஞ்சு முறியும் என்று அவரே கண்டுபிடித்த விஞ்ஞானம். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

ஆனால் சனம் லேசில் நம்பாது. "அண்ணை, உங்கடை வீட்டு நகையும் அதுக்குள்ளையோ?" என்று கோயில் பொருளாளர் ஞானரட்ணம் ஒருநாள் கேட்டுவிட்டார். அன்று பின்னேரமே பத்மநாதன் பாலாம்பிகையின் தாலிக்கொடியை வாங்கினார்.

தவளை முட்டையிடுவதற்கென்று தொட்டிக்குள் தேங்காய்ச் சிரட்டை ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அந்தச் சிரட்டையின் மேல், எல்லாருடைய கண்ணிலும் படும்படியாக, போத்தல்கூட இல்லாமல் கொடியைச் சுற்றி வைத்தார். பாலாம்பிகை தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டாள். அவளுடைய கொடியில் தவளை குந்திக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குக் கழுத்தில் கொடி இல்லாமல் சபையில் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோயிலில் பெண்கள் அவளுடைய முகத்தைப் பார்க்க முதல் கழுத்தைப் பார்த்தார்கள். "கொடி எங்கை பாலம்?" என்று கேட்டார்கள், தெரிந்துகொண்டே. "தவளை கட்டியிருக்குது" என்று அவள் பதில் சொல்லுவாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அழுவாள். அந்த மனிதருடைய புழுகுக்குத் தன்னுடைய கழுத்து அடமானம் போனதை அவளால் தாங்க முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, என்ரை கொடியைத் தாங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்" என்று எத்தனையோ தரம் கேட்டாள்.

"உன்ரை கொடியை நான் எடுத்தால் சனம் என்ன நினைக்கும்? கொஞ்சம் யோசிச்சுக் கதை" என்பார். சனம் என்ன நினைக்கும் என்பதற்கு மேல் அந்த மனிதருடைய மூளை ஒருநாளும் ஏறியதில்லை.

தவளைக்குச் சாப்பாடு போடுவது மட்டும் பாலாம்பிகையின் வேலை. கனிந்த வாழைப்பழத்தை ஓட்ஸோடு பிசைந்து ஜாம் போத்தலில் வைத்தால் அதில் பறக்க முடியாத சின்னப் பழ ஈக்கள் பெருகும். அவற்றைத் தொட்டிக்குள் மேலிருந்து தட்டிக் கொட்டிவிட்டு நிற்பாள். நின்றபடி பார்த்ததில் ஒரு விசயம் அவளுடைய மனதில் ஒட்டிக்கொண்டது. பெண் தவளை சிரட்டைக்குக் கீழே முட்டையிட்டுவிட்டுத் தன்பாட்டில் போய்விடும். ஆண்தான் திரும்பத் திரும்ப வந்து முட்டை காயாமல் நனைக்கும். குஞ்சு வெளியே வந்ததும் அதை முதுகில் ஏற்றிக்கொண்டு தண்ணீர் தேடிப் போகும்; காட்டில் என்றால் மரப்பொந்தில் தேங்கிய மழைத்தண்ணீர் வரைக்கும் சுமக்கும். லலிதா பள்ளிக்கூட லைப்ரரிப் புத்தகத்தில் வாசித்துவிட்டு வந்து, "அம்மா, டாடி ஃப்ரொக்தான் பேபியைத் தூக்கும், தெரியுமா?" என்றாள்.

"பாத்தனான். இந்த வீட்டிலை பிள்ளை தூக்கின ஆம்பிளை அது ஒண்டுதான்" என்றாள் பாலாம்பிகை.

தொண்ணூற்று நாலில் பத்மநாதன் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஈப் போத்தல்கள் பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தன. புது ஈ வாங்க விம்பிள்டனுக்குப் பாலாம்பிகை போனாள். கோயிலுக்கும் போய்விட்டு வரலாம் என்ற எண்ணம். பல் டாக்குத்தரின் வீடு முழுக்க ஈர மண் வாசம் வீசியது. மனிதர் பேச ஆள் கிடைக்காமல் இருந்தவர் போல் பிடித்துக்கொண்டார். அவருடைய இங்கிலீஷில் பாதி அவளுக்குப் புரிந்தது, அந்தப் பாதியே போதுமாக இருந்தது. தவளை தன்னுடைய நஞ்சைத் தானாக உண்டாக்குவதில்லை. காட்டில் அது தின்னுகிற குட்டி எறும்பிலும் சிலந்திப் பேன் போன்ற பூச்சியிலும் இருக்கும் நஞ்சைத் தோலில் சேர்த்து வைக்கிறது. தொட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளர்ந்த தவளைக்கு நஞ்சே கிடையாது. அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்களாம். இதைச் சொல்லிக்கொண்டே ஒரு தவளையைக் கையில் எடுத்து அதன் வயிற்றைத் தடவினார்.

"போன கோடையிலேயே உங்கள் கணவரிடம் சொன்னேனே" என்றார் டாக்குத்தர். "அவருக்கு ஏனோ சந்தோசமாக இருக்கவில்லை."

ரயிலில் திரும்பி வரும்போது பாலாம்பிகைக்கு எறும்பு ஞாபகம் வந்தது. போன கோடையில் பத்மநாதன் ஹோர்லிக்ஸ் போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னேரம் பின்னேரமாகப் பார்க்குக்குப் போய்வந்தார். நடைக்குப் போகிறேன் என்றார். போத்தல் நிறைய எறும்பு வந்தது. குசினியில் சீனி டப்பா வரைக்கும் ஊர்ந்தது. கேட்டதற்கு, "தவளைக்குச் சத்து" என்றார். தவளைகள் அந்த இங்கிலீஷ் எறும்பை வாயில் போட்டுவிட்டுத் துப்பின. அந்த மனிதர் களவாக நஞ்சு ஊட்டிப் பார்த்திருக்கிறார்! வைத்தியம் பலிக்காமல் போய், நஞ்சில்லாத தவளைக்கு முன்னால் அதே கையுறையோடு, அதே இடுக்கியோடு, ஒரு வருசமாக நின்று கதை அளந்திருக்கிறார். அவளுடைய கொடியும் அங்கேயே கிடக்கிறது. பாலாம்பிகை டிஸ்ட்ரிக்ட் லைனில் தனியே இருந்து சிரித்தாள். எதிரில் இருந்த வெள்ளைக்காரி எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தவளைக்கு இன்னும் நஞ்சிருக்கோ?"

"விசர்க் கதை கதையாதை. வயசு போகப் போக நஞ்சு கூடத்தான் செய்யும்" என்றார் போர்வைக்குள் இருந்தபடி.

தான் சொன்னால் "உனக்கு என்ன தெரியும்?" என்பார். அவராகச் சொல்லட்டும் என்று விட்டாள். அவராக, தன் வாயால், நஞ்சில்லை என்று சொல்லிக் கொடியை எடுத்துத் தந்தால் போதும். மிச்சத்தையெல்லாம் மறந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். அந்த அளவுக்கு இடம் கொடுத்தது அவளுடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மைக்கு அவர் லாயக்கில்லை.

அடுத்த வருசம் ஆவணி மாதம், கனகாம்பிகையின் மகளுக்குக் கலியாணம். கனகாம்பிகை நாலு வீடு தள்ளி இருப்பவள். அவளுடைய நகை முழுவதும் தொட்டிக்குள்தான். கலியாணத்துக்கு முதல் நாள் காலையில் நகை எடுக்க வந்தவள் தனியே வரவில்லை. கூத்துப் பார்க்கத் தமக்கை, தங்கச்சி, மச்சாள்மாரையும் கூட்டி வந்திருந்தாள். ஞானரட்ணமும் வந்திருந்தார். முன் அறை நிறைந்து போனது. பத்மநாதனுக்கு அதைவிடச் சந்தோசம் வேறு இல்லை. பச்சைக் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டார். கையுறை போட்டார். மஞ்சள் தண்ணிச் சட்டியை லலிதாவிடம் கொடுத்தார். ஐயர் மந்திரம் சொல்லுவது போல் நஞ்சின் மகிமையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தார்.

திறந்ததும் ஒரு தவளை பாய்ந்து வெளியே வந்து கம்பளத்தில் விழுந்தது.

முன் அறையில் உண்டான கூச்சலைப் பக்கத்து வீட்டு ஐரிஷ்காரர் சுவரில் தட்டி விசாரித்தார். மச்சாள்மார் சோபாவில் ஏறினார்கள். ஞானரட்ணம் கதிரையில் ஏறி வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். "ஒருத்தரும் அசையாதேங்கோ! அசைஞ்சால் முடிஞ்சுது!" என்று பத்மநாதன் கத்தினார். கையில் கையுறை இருக்கிறது. தவளை காலடியில் இருக்கிறது. குனிந்து எடுத்து உள்ளே போட்டால் அலுவல் முடிந்தது. ஆனால் இத்தனை பேர் தன்னைப் பார்த்து நடுங்கும் காட்சியைக் கொஞ்ச நேரம் நீட்டிக்க அவருக்கு ஆசை. தவளை கனகாம்பிகையின் சேலைக் கரை வரைக்கும் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கினாள். மிதித்தால் செத்துப் போகும்.

பாலாம்பிகை குனிந்தாள். வெறும் கையால் தவளையைப் பொத்தி எடுத்தாள்.

"ஐயோ பாலம், விடு! கையை விடு!" என்று கனகாம்பிகை அலறினாள். "தங்கச்சி, போடுங்கோ கீழை!" என்று ஞானரட்ணம் கதிரையில் நின்று கத்தினார். அறையில் இருந்த எல்லாரும் கத்தினார்கள். ஒரே ஒரு ஆள் கத்தவில்லை. பாலாம்பிகை அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தாள். பத்மநாதன் வாயைத் திறந்தார், மூடினார், இடுக்கியைப் பிடித்தபடி நின்றார்.

தொடாதை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், பொய்யாகவாவது சொல்லியிருந்தால், அவள் ஆறியிருப்பாள். ஏழு வருசமாக நடித்த மனிதர் நடிக்க வேண்டிய அந்த ஒரு இடத்தில் நடிக்க மறந்துபோனார்.

அவள் தவளையைத் தொட்டிக்குள் விட்டாள். அதே கையைச் சிரட்டைக்கு நீட்டிக் கொடியை எடுத்தாள். பாசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். மஞ்சள் கயிற்றுக்கு மேலாகக் கொடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடு அறையில் நின்றாள். எல்லாரும் அவள் விழுவதற்காகக் காத்திருந்தார்கள். அவள் விழவில்லை.

கதிரையில் இருந்து இறங்கிய ஞானரட்ணம் தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் பத்மநாதனைப் பார்த்தார். "என்ன பத்மநாதன் அண்ணை, இதுக்கு நஞ்சு இல்லையோ?"

இல்லை என்றால் இத்தனை வருசமும் புழுகன். உண்டு என்றால், பெண்சாதி நஞ்சைக் கையில் அள்ளும்போது வாயை மூடிக்கொண்டு நின்ற மனிதன். பாலாம்பிகை அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொல்லட்டும், இத்தனை பேருக்கும் நானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இந்த மனிதரிடம் இன்னும் ஒன்றை எதிர்பார்க்கிறேனே என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

பத்மநாதன் சோபாவில் நின்ற முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நஞ்சுதான்" என்றார். "நல்ல நஞ்சு. எப்பிடித் தப்பினாளோ எனக்கே தெரியேல்லை."

"அம்மாளாச்சி!" என்று கனகாம்பிகை கையெடுத்துக் கும்பிட்டாள். தாலிப் பலம் என்றாள் ஒரு மச்சாள். அப்போதும் ஒருவருக்கும் மூளை வேலை செய்யவில்லை. மனிதன் ஏன் பேசாமல் நின்றான் என்று ஒருவரும் கேட்கவில்லை. பத்மநாதனின் நெஞ்சு மறுபடி நிமிர்ந்தது. பெண்சாதியின் உயிரைக் கொடுத்துப் பெயரைக் காப்பாற்றிய நிம்மதி அவருடைய முகத்தில் தெரிந்தது.

பாலாம்பிகைக்கு அழுகை வரவில்லை. இவ்வளவுதான் இந்த ஆள் என்று தெரிந்தபோது ஒரு பாரம் இறங்கியது போல் இருந்தது.

"ஓம், அவர் சொல்லுறது சரி" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படியாக. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "பாருங்கோ, கை முழுக்க நஞ்சு. இனி இந்தக் கையாலை இவருக்குச் சமைக்க ஏலாது. நாளைக்கு ஆளுக்கு ஏதும் நடந்தால் நீங்கள் என்னையல்லோ சொல்லுவியள்?"

"ஓமோம், அது கவனம்" என்றார் ஞானரட்ணம், கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுகிற குரலில். "நஞ்சோடை விளையாடக் கூடாது. அண்ணை, நீங்கள்தான் இனிச் சமைக்கோணும்." மச்சாள்மார் தலையை ஆட்டினார்கள்.

"எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்டது பத்மநாதனின் குரல்தான். ஆனால் அது கச்சேரிக் காலத்துக் குரல்.

"கொடியும் நஞ்சுக்குள்ளை கிடந்ததுதானே" என்றாள் பாலாம்பிகை. "இது என்ரை கழுத்திலை இருக்குமட்டும் நஞ்சும் இருக்கும்."

தாலிக்கொடி எதுவரைக்கும் கழுத்தில் இருக்கும் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பத்மநாதன் கையுறையைக் கழற்றினார். நஞ்சில்லை என்ற ஒரு சொல் அவருடைய தொண்டை வரைக்கும் வந்திருக்க வேண்டும். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கிவிட்டார்.

கனகாம்பிகை நகையை வாங்கிக்கொண்டு போனாள். மற்றவர்களும் போனார்கள். பாலாம்பிகை சோபாவில் காலை நீட்டி இருந்தாள். மத்தியானம் ஆனபோது குசினிக்குள் தட்டுமுட்டுச் சத்தம் கேட்டது. அலுமாரிக் கதவுகள் திறந்து மூடின.

"இஞ்சார், அரிசி எங்கை கிடக்கு?" என்று பத்மநாதன் கேட்டார்.

பாலாம்பிகை கொடியை நேராக இழுத்துவிட்டுக்கொண்டாள். "தேடுங்கோ" என்றாள்.